1951 செவர்லே பிக்கப்புக்கு 1954 மாடல் என்று தவறான ஆய்வறிக்கை கொடுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
வாகன உரிமையாளர்,
பெரம்பூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பழைய வாகன ஆய்வு மற்றும் உதிரிபாக விற்பனை நிறுவனம், சென்னை.

பொருள்: அறிக்கையைத் திருத்தித் தருதல், பணத்தைத் திருப்பித் தருதல் தொடர்பாக.

ஐயா,

கொத்தவால் சாவடியில் மார்க்கெட் இருந்த காலத்தில் என் அப்பா காய்கறி மூட்டை ஏற்றிய செவர்லே பிக்கப்பை மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். எந்த வருட மாடல் என்று உறுதிசெய்து தருமாறு உங்களிடம் கட்டணம் கட்டிக் கேட்டேன். 1954 என்று முத்திரை வைத்து அறிக்கை கொடுத்தீர்கள். அதன் அடிப்படையில் நீங்களே வரவழைத்துக் கொடுத்த முன் கண்ணாடி, கிரில், கதவுக் கைப்பிடி மூன்றுமே வண்டிக்குச் சேரவில்லை.

உங்கள் ஆய்வாளர் எஞ்சின் பிளாக்கில் வார்த்திருக்கும் குறியை மட்டும் வைத்து முடிவு சொல்லியிருக்கிறார். 'பி 12 4' என்ற அந்தக் குறிக்கு 1954 பிப்ரவரி 12 என்று பொருள். அவர் படித்தது சரி. ஆனால் அது அந்த பிளாக்கை வார்த்த தேதி, வண்டியின் வருடம் ஆகாது. சரக்கு ஏற்றி உழைத்த வண்டிக்கு எஞ்சின் மாற்றாமல் இருப்பதுதான் அபூர்வம். பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் ஏற்றிய பழைய லாரிகள் நம் ஊரில் எத்தனையோ ஓடின. இந்த பிக்கப்புக்கு 1953 வரை வந்தது 216 கன அங்குல எஞ்சின். இப்போது உள்ளே இருப்பது 235. அதாவது, பிற்பாடு மாற்றியது.

கேபினைப் பார்த்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. 1954 மாடலுக்கு முன் கண்ணாடி வளைவான ஒரே கண்ணாடி. என் வண்டியில் நடுவில் கம்பி வைத்த இரண்டு தட்டைக் கண்ணாடிகள். கிரில்லில் ஐந்து பட்டைகள் படுக்கை வசத்தில் ஓடுகின்றன. அது 1953 வரை வந்த முகம். கதவில் முக்கோணக் கண்ணாடி இருக்கிறது, அது 1951-இல்தான் வந்தது. கைப்பிடியோ கீழே அழுத்தித் திறக்கும் பழைய வகை. பொத்தானை அழுத்தித் திறக்கும் கைப்பிடி 1952 மாடலில் வந்துவிட்டது. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் இது 1951 மாடல்தான். எங்கள் டிங்கர் கதவைத் தொட்டுப் பார்த்ததுமே இதைச் சொன்னார். உங்கள் அறிக்கையில் கதவின் படமும் இல்லை, கேபின் எண் தகட்டின் படமும் இல்லை.

இப்படிப்பட்ட வண்டியை வைத்திருப்பவர்கள் ஒரு ஸ்க்ரூவுக்காகப் புதுப்பேட்டை முழுக்க அலைகிறவர்கள். வருடம் தவறினால் வாங்குகிற ஒவ்வொரு சாமானும் தவறிப்போகிறது. புதிய கண்ணாடிக்கு இடம் தர கேபினை வெட்டலாம் என்று உங்கள் ஊழியர் போனில் சொன்னதுதான் என்னை மிகவும் வருத்தியது. அசல் தகட்டை வெட்டிவிட்டால் திரும்ப வராது.

எனவே, வேறொரு ஆய்வாளரை அனுப்பி வண்டியை முழுமையாகப் பார்த்து, திருத்திய அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும். சேராத மூன்று சாமான்களையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, அவற்றின் விலையை முழுதாகத் திருப்பித் தர வேண்டும். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில், அறிக்கை நகல், கேபினின் படங்கள் இணைத்துள்ளேன். சாமான்கள் பிரித்த பெட்டியிலேயே பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்