காற்று நாள் நடைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

தெலுக் பஹாங் ஜெட்டிக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

பினாங்கு தேசியப் பூங்காவின் கடலோரப் பாதையில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களிலும் ஆட்களை அழைத்துப் போகிறோம். அதற்குத் துணைநின்றவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி, "இன்றைக்குப் படகு வராது" என்று முகத்துக்கு நேரே சொன்ன படகோட்டிப் பாக்சிக்குகளுக்கு (மலாயில் மாமா). பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குப் போகையில் மூன்றரைக் கிலோமீட்டர் நடை, திரும்பும்போது படகு. பலரும் போடும் கணக்கு இதுதான். காலையில் ஜெட்டியில் தண்ணீர் தகடுபோல் கிடக்கும், அதை நம்பக் கூடாது. ஜெட்டி இருப்பது வடகரையில், தென்மேற்குக் காற்றை மலை தடுத்துவிடுகிறது. கெராச்சுட் மேற்கே பார்த்த கரை. படகு முக்கா ஹெட் முனையைச் சுற்றிய மறுநிமிடமே காற்று நேராக அறையும். கரை ஒதுங்கும்போது படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பினால் போச்சு, ஒரே அலையில் தண்ணீர் உள்ளே வந்துவிடும். முகப்பைக் கடலுக்கே காட்டி, பின்பக்கமாகக் கரைக்கு நகர்த்தி, இரண்டு அலைகளுக்கு நடுவே ஆளை ஏற்ற வேண்டும் என்று மணலில் கோடு போட்டே காட்டினீர்கள். அன்றிலிருந்து படகே இல்லை என்று வைத்துத்தான் திட்டம் போடுகிறோம். தலைக்கு 3 லிட்டர் தண்ணீர், மதியம் 2 மணிக்குக் கெராச்சுட்டை விட்டுக் கிளம்பிவிடுவது. வானிலைத் துறை 40 முதல் 50 கிலோமீட்டர் வேகக் காற்று என்று எச்சரித்தால் நடையே கிடையாது.

நுழைவாயிலில் பெயர் பதியும் பூங்கா ஊழியர்களுக்கும் நன்றி. உட்காரும் முன் அண்ணாந்து பாருங்கள் என்றீர்கள். உச்சியில் சிக்கி நிற்கும் காய்ந்த கிளைதான் எமன். சுமத்ரா காற்று பெரும்பாலும் விடியலை ஒட்டி மழையோடு அடித்து ஓயும். ஓய்ந்ததும் நடக்கலாம் என்று தோன்றும், ஆனால் ஊறிய மண்ணில் வேரின் பிடி தளர்ந்திருக்கும். இலைகளிலும் நீர்ப்பாரம். அடுத்த சிறு காற்றுக்கே மரம் சாயலாம்.

லெபோ பாசார் தையற்கடை அண்ணனுக்குத் தனி நன்றி. பக்கம் திறந்த மழைப்போர்வை காற்றில் பலூனாக உப்பி முகத்தில் ஏறிவிடும். கால் எந்த வேரில் என்றே தெரியாது, பாதையில் பலர் சறுக்கி விழுவது இதனால்தான். அக்குளுக்குக் கீழே ஒரு ஜோடி, இடுப்பில் ஒரு ஜோடி என இரு பக்கமும் நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தீர்கள். தொப்பிகளுக்குத் தாடைக் கயிறும் உங்கள் கைவேலை. பைக்கு மேல்உறையே வேண்டாம், அது பறந்துவிடும். உள்ளே தடித்த குப்பைப் பையை விரித்துவிட்டால் போதும்.

நாசி லெமாக் கட்டித்தரும் அக்காவுக்கு: பொட்டலத்தைக் கையில் தொங்கவிடாமல் பைக்குள் வைக்கச் சொன்னது சரியான பேச்சு. குரங்குக் கடற்கரையில் பிளாஸ்டிக் பையின் சலசலப்பே அழைப்பு மணி.

பாக்சிக், இரவல் வாங்கிய 6 மிதவைச் சட்டைகளையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்திவிட்டோம். ஒன்றில் கொக்கி உடைந்திருந்தது, புதிது மாற்றியாயிற்று. ஞாயிறு காலை ஜெட்டியில் தருகிறோம்.