மணிக்கட்டு வலியோடு கோப்பை கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2021 அமெரிக்க ஓபன் டென்னிஸில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து, ஒரு செட்டும் இழக்காமல் பட்டம் வென்றபோது பிரிட்டன் வீராங்கனை எம்மா ரடுகானுவுக்கு வயது 18. 2023-ல் இரு மணிக்கட்டுகளிலும் ஒரு கணுக்காலிலும் அறுவை சிகிச்சை. அப்போதும் "அடுத்த பட்டம் எப்போது?" என்ற கேள்வி ஓயவில்லை. அதே கேள்வியை வேலூர், காட்பாடிப் பெற்றோரும் மணிக்கட்டு வலியோடு டென்னிஸ் ஆடும் பிள்ளைகளிடம் கேட்பது வேதனை தருகிறது.

இருகை பேக்ஹேண்ட் (ராக்கெட்டை இரு கைகளாலும் பிடித்து, புறங்கைப் பக்கமாக அடிப்பது) ஆடுபவர்களுக்குப் பெரும்பாலும் சுண்டுவிரல் பக்க மணிக்கட்டில் வலி தொடங்கும். ராக்கெட்டில் கட்டும் விறைப்பான பாலியஸ்டர் ஸ்ட்ரிங் (நரம்பு), வயதுக்கு மீறிய கனமான ராக்கெட், பந்தைத் தாமதமாகச் சந்திப்பது ஆகியவை முக்கியக் காரணங்கள். வளரும் பிள்ளைகளுக்கு பல மெல்லிய இழைகளாலான மென்மையான மல்டிஃபிலமென்ட் ஸ்ட்ரிங்கை 50 பவுண்டு இழுவிசைக்கு மேல் இழுக்காமல் கட்டினால் போதும்.

மாத்திரை போட்டு வலியை மறைத்து ஆடவைப்பதுதான் பெரிய தவறு; தசைநார் மேலும் கிழிவது அப்போது தெரியாது. மருத்துவர் அனுமதித்த பின், சாதாரணப் பந்தைவிட 25 சதவீதம் வேகம் குறைந்த பச்சைப் புள்ளிப் பந்தில் 15 நிமிட ஃபோர்ஹேண்டோடு (உள்ளங்கைப் பக்கமாக அடிப்பது) தொடங்கலாம். பேக்ஹேண்ட் பிறகு, சர்வ் கடைசியில். மறுநாள் காலை வலித்தால் முந்தைய படிக்கே திரும்ப வேண்டும். அந்த வாரம் மாவட்டப் போட்டி இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
டென்னிஸ் பயிற்சியாளர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர்.