மாப்ளே, இந்த வருஷமும் ஒப்பேத்தல்தான்

பிட்ஸ்பர்க்
28 மே 2025

அன்புள்ள மாப்ளே,

உன் மெயிலுக்குப் பத்து நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன், திட்டாதே. கிரகப்பிரவேசப் படங்கள் எல்லாம் பார்த்தோம். மாடியில் அந்தத் திண்ணை மாதிரி கட்டியிருக்கிறாயே, அது ஒன்றுக்காகவே ஊருக்கு வரலாம். வர முடியாத குறைக்கு இவள் அன்றைக்கு பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்குப் போய் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள், புளியோதரையில் உன் பங்கையும் நானே தின்றேன். என் முழங்கால் பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் முனகுகிறது.

சரி, கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய் பார், "பென் ரோத்லிஸ்பெர்கர் ரிடையராகி மூணு வருஷமாச்சே, பந்தை வீசி ஆட்டத்தை நடத்த இன்னும் உங்களுக்கு ஒரு குவாட்டர்பேக் கிடைக்கலையா?" என்று. அந்த "உங்களுக்கு" என்னைச் சுட்டுவிட்டது. நீ ஊருக்குத் திரும்பிப் போனால் நம் பிட்ஸ்பர்க்கின் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ஸ்டீலர்ஸ் எங்கள் டீம் மட்டும் ஆகிவிடுமா? 2009 பிப்ரவரி 1 ராத்திரி, சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் 35 விநாடி மிச்சமிருக்கும்போது பென் வீசிய பந்தை சாண்டோனியோ ஹோம்ஸ் அந்த மூலையில் கால்விரல் நுனியில் நின்று பிடித்தபோது, நம் ஸ்குவரல் ஹில் அறையில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிற அளவுக்குக் குதித்தது யார்?

நீ கேட்ட கேள்விதான் இங்கே ஊரே கேட்கிற கேள்வி. போன திங்கட்கிழமை மெமோரியல் டே லீவு, பக்கத்து வீட்டுப் பெரியவர் கறி சுடக் கூப்பிட்டிருந்தார். ஹோம்ஸ்டெட் இரும்பாலை மூடுகிறவரை அதில் வேலை பார்த்த மனிதர். இறைச்சி வேகும் முன்பே சண்டை ஆரம்பித்துவிட்டது. அவர் ஆரன் ராட்ஜர்ஸ் கட்சி, அந்தப் பழுத்த குவாட்டர்பேக்கைக் கூட்டி வரலாம் என்கிறவர். மார்ச் மாதம் ராட்ஜர்ஸ் இங்கே வந்து எல்லோரையும் பார்த்துவிட்டுப் போனான், அதற்கப்புறம் வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இரண்டு மாதமாக ஊரைக் காக்க வைத்திருக்கிறான். "நாலு தடவை எம்விபி, லீக்கிலேயே சிறந்த ஆட்டக்காரன் விருது, வாங்கினவன், பழைய தெம்பில் பாதி இருந்தாலும் போதும்" என்கிறார் பெரியவர். எனக்கு அந்தப் பாதி மேலேயே சந்தேகம். நமக்கும் அவனுக்கும் ஒரே வயசு, 41, வருகிற டிசம்பரில் 42. 2023-ல் நியூயார்க் ஜெட்ஸ் டீமுக்குப் போய் நாலே நாலு ஆட்ட நகர்வில் குதிகால் தசைநாண் அறுந்து உட்கார்ந்தான், போன வருஷம் முழுக்க ஆடியும் அந்த டீம் 5 ஜெயித்து 12 தோற்றது. அதைவிட, 2011 சூப்பர் பவுலில் 31-25 என்று நம்மை அடித்தவனே அவன்தான். நீ ஊருக்குப் போன முதல் வருஷம், ஆட்டம் முடிந்ததும் நான் போன் பண்ணினால் உனக்குத் திங்கட்கிழமை காலை, இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஐந்து நிமிஷம் ஐஎஸ்டி காசைக் கரைத்தோமே!

என் பையன் வேறு கட்சி. பதிமூன்று வயசு, வீடியோ கேமில் டீம் நடத்தி நடத்தி இவனுக்கு எல்லாம் கணக்கு. "அப்பா, பேசாம தோத்துடலாம்" என்கிறான். டீம்கள் முறை வைத்துக் கல்லூரிப் பையன்களைப் பொறுக்கும் டிராஃப்டில் கடைசி ரேங்க் வாங்கியவன்தானே முதல் பந்தியில் உட்காருகிறான்? நாம் கடைசி நாலு வருஷம், வருஷத்துக்குப் பதினேழு ஆட்டத்தில், ஜெயித்தது 9, 9, 10, 10. கெட்டும் போவதில்லை, உருப்படுவதும் இல்லை. பிளேஆஃப் என்கிற நாக்-அவுட் சுற்றில் கடைசியாக ஜெயித்தது 2017 ஜனவரி. அதனால் வருஷா வருஷம் இருபதாவது இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறோம், நல்ல பையன்களை அதற்குள் எவனாவது தூக்கிவிடுகிறான். 2003-ல் 6 ஜெயித்து 10 தோற்றதால்தானே 11-வது இடம் கிடைத்து பென் வந்தான் என்று கேட்கிறான். கணக்கு சரிதான், அதற்கப்புறம் நமக்குத் தோல்வி வருஷமே இல்லை. அதிலும் அடுத்த ஏப்ரலில் டிராஃப்டே இந்த ஊரில்தான் நடக்கப் போகிறது. நம் டீம் முதல் ஆளாக மேடையேறி டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக் குவாட்டர்பேக் ஆர்ச் மேனிங் பெயரைப் படிக்கிற மாதிரி இவனும் இவன் பள்ளிக்கூடத்துப் பையன்களும் கனவு காண்கிறார்கள்.

நான் அவனிடம் கிளீவ்லாண்ட் டீமைப் பார் என்றேன். 2017-ல் பதினாறு ஆட்டத்தில் பதினாறும் தோற்று, முதல் ஆளாக குவாட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டை எடுத்தார்கள். நாலு வருஷத்தில் அவனையும் அனுப்பிவிட்டு, டெஷான் வாட்சனுக்கு மூன்று முதல் சுற்று டிராஃப்ட் இடங்களையும் 23 கோடி டாலர் உத்தரவாதச் சம்பளத்தையும் கொட்டிக் கொடுத்துவிட்டு இன்றைக்கும் ஆள் தேடுகிறார்கள். தோற்றால் இடம்தான் வரும், ஆளைக் கண்டுகொள்கிற கண் வராது.

மாப்ளே, நான் ரொம்ப நாளாக யோசித்து வைத்திருப்பது இதுதான்: நம் ஊருக்கு இடம் ஒரு நாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. ஆள் கைக்கு வருவான், நாம்தான் "இந்த வருஷத்துக்கு இருக்கிறவன் போதும்" என்று விட்டுவிடுவோம். 1955-ல் குவாட்டர்பேக் ஜானி யுனைடஸை ஒன்பதாவது சுற்றில் எடுத்தோம், பிட்ஸ்பர்க்கிலேயே பிறந்து வளர்ந்தவன். ஒரு பயிற்சி ஆட்டத்தில்கூட இறக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அவன் கட்டட வேலை பார்த்துக்கொண்டு, புளூம்ஃபீல்டில் ஆட்டத்துக்கு ஆறு டாலருக்கு ஆடி, அடுத்த வருஷம் பால்டிமோர் போய் 1958, 1959 இரண்டு வருஷமும் கோப்பை வாங்கிக் கொடுத்தான். நாம் தினம் 61சி பஸ்ஸில் போன ஓக்லாண்டில்தான் இன்னொரு குவாட்டர்பேக் டான் மரீனோ பிறந்ததும், படித்ததும். 1983-ல் 21-வது இடம் நம்முடையது. அவன் இன்னும் மிச்சமிருந்தான். நம் குவாட்டர்பேக் டெர்ரி பிராட்ஷாவின் முழங்கை அப்போதே போய்விட்டது. அப்படியும் தடுப்பாட்டக்காரன் ஒருவனை எடுத்தோம், ஆறு இடம் தள்ளி மயாமி மரீனோவைக் கொத்திக்கொண்டு போனது. இதைச் சொல்லும்போது பெரியவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். நாற்பத்திரண்டு வருஷமாகியும் அவருக்கு ஆறவில்லை.

அந்தப் புண்தான் நமக்கு பென்னைக் கொடுத்தது, தெரியுமா? 2004-ல் டிராஃப்ட் அறையில் பேச்சு வேறு ஒருவன் பக்கம், முன்வரிசை ஆட்டக்காரன், சாய்ந்துகொண்டிருந்தது. டீம் முதலாளி டேன் ரூனிக்கு மரீனோ ஞாபகம் வந்துவிட்டது, பேச்சை ரோத்லிஸ்பெர்கர் பக்கம் திருப்பிவிட்டேன் என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். பாவம் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். 2018-ல் அந்த அறையில் அப்படி ஒரு பெரியவர் இல்லை. 28-வது இடத்தில் நாம் சேஃப்டி என்கிற பின்வரிசைத் தடுப்பாட்டக்காரன் ஒருவனை எடுத்தோம். ஏன், பென் இருக்கிறானே! நாலு இடம் தள்ளி 32-ல் பால்டிமோர் எடுத்த பையன்தான் குவாட்டர்பேக் லமார் ஜாக்சன். இந்த ஜனவரியில் அவன் டீம்தான் பிளேஆஃபில் 28-14 என்று நம்மை வெளுத்து அனுப்பியது, நம்மைத் தாண்டி 299 யார்டு ஓடியே எடுத்தார்கள். நான் மூன்றாவது குவார்ட்டரிலேயே டிவியை அணைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

குவாட்டர்பேக் கென்னி பிக்கெட்டை எடுத்தார்களே என்பாய். எடுத்தார்கள், 2022-ல் 20-வது ஆளாக. அதுகூட மரீனோவுக்குச் செய்த பிராயச்சித்தம் என்றுதான் எனக்குப் படுகிறது, பக்கத்து மைதானத்தில் பயிற்சி எடுத்த, மரீனோ படித்த அதே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துப் பையன். கை சின்னது என்று ஊரெல்லாம் அங்குலம் அளந்தது. இரண்டே வருஷம், அனுப்பிவிட்டார்கள். பிலடெல்பியா போய் மாற்று ஆளாக உட்கார்ந்து சூப்பர் பவுல் மோதிரம் வாங்கிவிட்டான், இந்த மார்ச்சில் கிளீவ்லாண்ட் போனான். அப்புறம் போன வருஷம் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், ரசல் வில்சன். ஃபீல்ட்ஸ் 4-2 என்று நன்றாகத்தான் கொண்டுபோனான். வில்சனுக்குக் காயம் ஆறியதும் ஃபீல்ட்ஸை உட்கார வைத்தார்கள். வில்சன் முதல் ஏழில் ஆறு ஜெயித்தான், பிறகு பிளேஆஃபோடு சேர்த்து வரிசையாக ஐந்து தோல்வி. இருவருமே இந்த மார்ச்சில் நியூயார்க் போய்விட்டார்கள், ஆளுக்கொரு டீமுக்கு.

பிராட்ஷாவையே எடுத்துக்கொள். முந்தைய வருஷம் சிகாகோவும் நாமும் 1-13 என்று சமமாக நின்றதால், 1970-ல் முதல் இடம் யாருக்கு என்று நாணயம் சுண்டினார்கள், அவர்கள் தலை கேட்டார்கள், பூ விழுந்தது. அப்படி வந்தவன் முதல் வருஷம் வீசியதில், கோல் மாதிரியான டச்டவுன் 6தான், 24 பந்து எதிராளி கையில். இன்றைக்காக இருந்தால் இரண்டாம் வருஷமே விற்றிருப்பார்கள். 1974-ல்கூட முதல் ஆறு ஆட்டம் அவனை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். அந்த வருஷம்தான் நான்கில் முதல் சூப்பர் பவுல்.

ஆகவே என் கட்சி: ராட்ஜர்ஸ் வேண்டாம், தோற்கவும் வேண்டாம், வருஷம் ஒருவனை எடுத்து உட்கார வைத்துப் பழக்கு. கான்சாஸ் சிட்டி டீம், குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே 2017-ல் 27-லிருந்து 10-க்கு ஏறிப் போய் பாட்ரிக் மஹோம்ஸ் என்கிற இளம் குவாட்டர்பேக்கை எடுத்து ஒரு வருஷம் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். இந்த ஏப்ரலில் நமக்கு ஆறாவது சுற்றில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக் குவாட்டர்பேக் வில் ஹவர்ட் கிடைத்திருக்கிறான், கல்லூரிச் சாம்பியன்ஷிப் ஜெயித்த கையோடு. அவன் தேறுவானா என்பது வேறு விஷயம். இறக்கிப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்றேன். பெரியவர், "யுனைடஸ் ஒருத்தனைச் சொல்லியே இன்னும் நாற்பது வருஷம் ஓட்டுவாய்" என்று என் தட்டில் இன்னொரு துண்டைப் போட்டார். பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தக் கடிதம் முடிப்பதற்குள் ராட்ஜர்ஸ் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் ஆச்சரியமில்லை. செப்டம்பர் 7 முதல் ஆட்டமே ஜெட்ஸோடு, எதிரில் ஃபீல்ட்ஸ். எவன் ஆடினாலும் ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் சுற்றுகிற அந்த மஞ்சள் துண்டை எடுத்துச் சுற்றத்தான் போகிறேன், உன்னுடையது இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. ஏப்ரலுக்கு லீவு சொல்லி வை, டிராஃப்டுக்குக் குடும்பத்தோடு வா. கீழ் அறை காலியாகத்தான் கிடக்கிறது, வரும்போது அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்