டெய்சியின் கோபத்தைத் திருப்பிக் கொடுங்கள்

டிஸ்னியின் கார்ட்டூன் பெண் வாத்து டெய்சி டக்கின் கதைகளை எழுதும், வரையும், குரல் பதிவு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம்.

டெய்சி யார் என்று உங்களுக்குப் பாடம் எடுக்க இந்த மடலை எழுதவில்லை. 1940 ஜூனில் ‘மிஸ்டர் டக் ஸ்டெப்ஸ் அவுட்’ படத்தில் அவள் போட்ட ஆட்டம் உங்கள் காப்பகத்தில் இருக்கிறது. 1937-இல் ‘டான் டொனால்ட்’ படத்தில் டோனா என்ற பெயரில் வந்த அவளுடைய முன்னோடியும் அங்கேதான் இருக்கிறாள். பாலைவனத்தில் காதலன் டொனால்ட் டக்கின் கார் மக்கர் பண்ணியதும், கைப்பையிலிருந்து ஒற்றைச் சக்கர சைக்கிளை எடுத்து மிதித்துக்கொண்டு தன் வழியே போனவள் அவள். இவற்றையெல்லாம் எங்களைவிட நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். வருத்தம் கூடுவதும் அதனால்தான். தெரியாமல் நடந்தால் எடுத்துச் சொல்லலாம். தெரிந்தே நடக்கிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். டெய்சியின் கோபத்தை அவளிடம் திருப்பிக் கொடுங்கள்.

2006-இல் ‘மிக்கி மவுஸ் க்ளப்ஹவுஸ்’ தொடங்கியதிலிருந்து சின்னக் குழந்தைகளுக்கான தொடர்களில் டெய்சி பெரும்பாலும் சிரிக்கிறாள், கைதட்டுகிறாள், தோழி மின்னி மவுஸ் சொல்வதற்குத் தலையாட்டுகிறாள். 2011-இல் வந்த ‘போ-டூன்ஸ்’ குறும்படங்களில் அவள் மின்னியின் ரிப்பன் கடையில் உதவிக்கு நிற்கிறாள். தலையில் பெரிய ‘போ’ என்கிற ரிப்பன் முடிச்சு, நீண்ட இமை, குதிகால் உயர்ந்த செருப்பு, மணிக்கட்டில் வளையல் என்று அலங்காரம் மட்டும் குறையவில்லை. அதே தொடர்களில் டொனால்ட் முணுமுணுக்கிறான், குதிக்கிறான், எரிந்து விழுகிறான். அவனுக்குக் கோபம் வந்தால் அது நகைச்சுவையாகிவிடுகிறது. அவளுக்கு வரவே கூடாதாம்.

டெய்சியின் ஒப்பனையும் கோபமும் ஒன்றோடொன்று பின்னியவை. 1945-இல் வந்த ‘க்யூர்ட் டக்’ படத்தை ஒருமுறை மீண்டும் ஓடவிட்டுப் பாருங்கள். ஜன்னலைத் திறக்கச் சொன்னதற்கு டொனால்ட் ஆத்திரப்பட்டு அவள் வீட்டையே துவம்சம் செய்கிறான். கோபத்தை அடக்கக் கற்றுக்கொண்டு வந்தால்தான் இனி உன்னோடு வெளியே வருவேன் என்கிறாள் டெய்சி. அவனும் தபாலில் ஒரு பயிற்சி இயந்திரத்தை வரவழைத்து, அதனிடம் வசவும் அடியும் வாங்கிப் பொறுமைசாலியாகத் திரும்புகிறான். சோதனையிலும் தேறிவிடுகிறான். அப்போது டெய்சி உள்ளே போய்ப் புதுத் தொப்பியை அணிந்துகொண்டு வருகிறாள். அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அடுத்த கணம் அவனைப் போட்டுப் புரட்டி எடுக்கிறாள். ஆறேழு நிமிடம் அடுத்தவனுக்குப் பொறுமை போதித்தவளுக்குத் தன் பொறுமை தொப்பி வரைதான் என்பது அங்கே தெரிகிறது. யோசித்துத் தேர்ந்து, அழகாக இருக்கிறது என்று நம்பி அணிந்துவந்த தொப்பி அது. அந்த நம்பிக்கையைச் சிரித்து அவமானப்படுத்தினால் கோபம் வராமல் என்ன செய்யும்? தொப்பி மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது கடை பொம்மை.

குரல் விஷயமும் உண்டு. முதல் படத்தில் டொனால்டுக்குக் குரல் கொடுத்த கிளாரன்ஸ் நாஷே டெய்சிக்கும் வாத்துக் குரல் கொடுத்தார். 1945 வாக்கில் அவளுக்குத் தெளிவான பெண்குரல் வந்தது. அதோடு அவளுடைய கோபத்தின் இயல்பும் மாறியது. டொனால்ட் பேசுவது பாதி விளங்காது, அதனால் அவன் கோபத்தைக் கையும் காலும்தான் சுமக்க வேண்டும். டெய்சி பேசுவது ஒவ்வொரு சொல்லும் விளங்கும். அவள் வாதாடுகிறாள், கேள்வி கேட்கிறாள், நிபந்தனை வைக்கிறாள். 1947-இன் ‘டொனால்ட்ஸ் டைலமா’ முழுவதும் அவள் தன் பிரச்சினையை உளவியல் மருத்துவரிடம் சொல்வதாகத்தான் நகர்கிறது. தலையில் பூந்தொட்டி விழுந்ததால் டொனால்ட் பெரிய பாடகனாகி, அவளை அடியோடு மறந்துவிடுகிறான். இந்தக் குரல் உலகத்துக்கு வேண்டுமா, டொனால்ட் உனக்கு வேண்டுமா என்று மருத்துவர் கேட்கும்போது, எனக்குத்தான் என்று கூரை அதிரக் கத்துகிறாள். சுயநலம்தான். ஆனால் தனக்கு வேண்டியது என்ன என்று கேட்டு வாங்கத் தெரிந்தவள் அவள்.

தொழில்முறையாகவும் சொல்லியாக வேண்டும். டொனால்டின் கோபம் எண்ணெயில் போட்ட கடுகு, டெய்சியின் கோபம் அடுப்பில் வைத்த பால். ஒரே டைமிங்கை இரண்டுக்கும் போட்டால் எடுபடாது. நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள் என்ற கணக்கில், முதலில் 12 முதல் 16 ஃபிரேம் வரை அவள் உடல் அசையாமல் நிற்க வேண்டும், இமை மட்டும் பாதி இறங்கட்டும். அடுத்து கை இடுப்புக்குப் போகும், செருப்பு முனை தரையைத் தட்டும், குரல் உயராமல் தாழும். பிறகு நாலு ஃபிரேம் உடலைச் சற்றே குறுக்கி, அதன்பின் வெடிப்பு. அங்கே ஃபிரேமுக்கு ஒரு போஸ் வேண்டும். இரண்டு ஃபிரேமுக்கு ஒன்று என்று மிச்சம் பிடித்தால் வேகம் செத்துவிடும். வெடிப்பு ஒன்றரை நொடி இருந்தாலே போதும். கடைசியாக, கலைந்த போவைச் சரிசெய்து, வளையலை மணிக்கட்டுக்கு இறக்கி, எதுவும் நடக்காததுபோல் நிமிர்ந்து நிற்பாள். நேரம் போதவில்லை என்றால் எடிட்டிங்கில் முதலில் வெட்டப்படுவது இந்தக் கடைசிப் பகுதிதான். அது போய்விட்டால் திரையில் இருப்பது யாரோ கத்துகிற ஒரு வாத்து.

முப்பரிமாணத்தில் சிக்கல் வேறு விதம். வாத்து அலகு முகத்தின் பாதியை அடைத்துக்கொள்ளும். சிரிப்புக்கென்றே கட்டிய ரிக்கில், அதாவது உருவத்தை அசைக்கும் கணினி எலும்புக்கூட்டில், அலகின் ஓரம் மேலே போகும் அளவுக்குக் கீழே வராது. வற்புறுத்தி இறக்கினால் கன்னம் மடங்கி விகாரமாகிவிடும். கையால் வரைந்த காலத்தில் அனிமேட்டர் அலகையே வளைத்துக்கொள்வார். இப்போது அதற்கான கட்டுப்பாடுகளை ரிக் கட்டும்போதே கேட்டு வாங்க வேண்டும். போவுக்கும் தனி எலும்புகள் வேண்டும், தலை திரும்பி இரண்டு மூன்று ஃபிரேம் கழித்துத்தான் போ திரும்பும். மண்டையோடு ஒட்டவைத்த போவை வைத்துக்கொண்டு கோபம் காட்டினால் அவள் தலையில் பலகை மாட்டியவளாகத் தெரிவாள். பிறகு ‘டெய்சிக்குக் கோபம் பொருந்தவில்லை’ என்று தீர்ப்பு வேறு எழுதப்படும்.

டெய்சி ஒருத்தியோடு இது முடியவில்லை. சிறு பிள்ளைகளுக்கான எத்தனையோ தொடர்களில் பெண் பாத்திரம் என்றாலே ஆறுதல் சொல்லவும், அணைத்துக்கொள்ளவும், அடுத்தவன் செய்த குளறுபடியைக் கூட்டிப் பெருக்கவும்தான். ஆண் பாத்திரங்களுக்குச் சோம்பேறி, கஞ்சன், முரடன், கோமாளி என்று நூறு குணம் வாய்க்கிறது. பெண்ணுக்கு ஒரே குணமும் நாலு நிறத்தில் ஆடையும்தான். பொம்மை அலமாரியில் மின்னியையும் டெய்சியையும் போவின் நிறத்தை வைத்தும் அலகை வைத்தும்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. இதைப் பார்த்து வளரும் ஆறு வயதுச் சிறுமிக்குத் தன் கோபம் தப்பு என்றுதானே படும்?

சற்றுக் கடுமையாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. இத்தாலியச் சித்திரக்கதைகளில் 1973-லேயே அவளைப் பேப்பரினிகா என்ற முகமூடி வீராங்கனையாக ஆக்கினார்கள். 2020-இல் புதிய ‘டக்டேல்ஸ்’ அவளுக்கு வேலையும் லட்சியமும் வெடுக்கென்ற கோபமும் கொடுத்தது. செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அடிதடியும் நாங்கள் கேட்கவில்லை, சிறு பிள்ளைகள் பார்க்கும் படத்தில் அது வேண்டாம் என்பது எங்களுக்கும் சம்மதம். ஓயாமல் கரித்துக்கொட்டுகிறவளாக அவளை மாற்றுவதும் வேண்டாம். பழைய படங்களில் வாக்கு தவறுவார்கள், மரியாதையில்லாமல் பேசுவார்கள், தொப்பியைப் பார்த்துச் சிரிப்பார்கள், அப்புறம்தான் அவளுக்குக் கோபம் வரும். அந்தக் காரணத்தைக் கதையில் முதலில் வையுங்கள்.

அடுத்த தொடருக்கான மாடல் ஷீட்டில், அதாவது பாத்திரத்தின் தோற்றங்களை வரைந்து வைக்கும் மாதிரித் தாளில், சிரிக்கும் டெய்சிகளுக்கு நடுவே கோபக்கார டெய்சி இரண்டு போஸாவது இருக்கட்டும். ஏழு நிமிடக் கதையில் இருபது நொடி ஒதுக்குங்கள். போவைச் சரிசெய்யும் அந்தக் கடைசிப் பகுதியை வெட்டாமல் விடுங்கள். டெய்சியின் கோபத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

அன்புடன்,
டெய்சியின் ரசிகர்கள்