அப்பாவின் பெயரில் போகும் கட்டுரை: ஆய்விதழ்ப் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து வெளிவரும் அறிவியல் ஆய்விதழ்களின் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் ஆய்வுக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். யார் யாருடைய கட்டுரைகளை மேற்கோள் காட்டினோம் என்று கட்டுரையின் கடைசியில் வரும் ரெஃபரன்ஸ் பட்டியல் இந்தப் பிள்ளைகளை என்ன பாடு படுத்துகிறது என்று உங்களிடம் சொல்லத்தான் இந்த மடல்.

என் மாணவி ஒருத்தி வேதாரண்யம் பக்கம் உப்பு ஏறிய வயல்களில் நெற்பயிர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்தாள். மூன்று வருடம், சம்பா அறுப்பு முடிந்த கையோடு போய் வரப்பு வரப்பாக மண் எடுத்தாள். முதல் கட்டுரை வந்தது. சில மாதம் கழித்து வேறொருவர் தம் கட்டுரையில் அதை மேற்கோள் காட்டியிருந்தார். அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடினாள். அவள் அப்பா ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பவர். பட்டியலில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, "என் பேருல்ல போட்டிருக்கு!" என்றாராம். உண்மைதான். முழுசாக நின்றது அவர் பெயர். மகளின் பெயர் கமாவுக்குப் பின்னால் ஒரே ஓர் எழுத்தாகவும் ஒரு புள்ளியாகவும் சுருங்கிக் கிடந்தது.

அவர் சந்தோஷப்பட்டார். அவளும் அப்பாவுக்காகச் சந்தோஷப்பட்டாள். ஆனால் மூன்று வருடம் மண் சுமந்தவள் அவள்.

இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் உண்டு, அது அப்பாவின் பெயர். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் சர்நேம் என்று கேட்ட இடத்தில் அப்பா பெயரை எழுதுகிறோம். உங்கள் இணையப் படிவத்தில் லாஸ்ட் நேம் என்று கேட்ட இடத்திலும் அதையே எழுதுகிறோம். லாஸ்ட் நேம் முழுசாகவும் மற்றது முதலெழுத்தாகவும் வர வேண்டும் என்பது உங்கள் விதி. அதன்படி அப்பா ஆய்வாளர் ஆகிவிடுகிறார்.

முன்பு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். சீனிவாச என்பது அவர் அப்பாவின் பெயர். அவர் இந்த ஊரில் ஒரு புடவைக்கடையில் கணக்கு எழுதியவர். அப்பா பெயர் முன்னாலும் தன் பெயர் பின்னாலும் இருந்ததால், எந்தப் பட்டியலிலும் "ராமானுஜன், எஸ்." என்று சரியாகவே விழுந்தது. இதே கும்பகோணத்தில் 1925-இல் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனுக்கும் அப்படித்தான். எம் என்பது குடும்பத்தின் பூர்வீக ஊரான மன்கொம்பு, எஸ் என்பது அப்பா சாம்பசிவன். கடைசியில் நின்றது அவருடைய சொந்தப் பெயர். இப்போது பிள்ளைகள் படிவத்துக்காக வரிசையை மாற்றி, அப்பா பெயரைப் பின்னால் போடுகிறார்கள். விதி மாறவில்லை, ஆள் மாறிப்போகிறார்.

அந்த மாணவியின் இரண்டாவது கட்டுரையை வெளியிட்ட இதழ் பெயரை நேர்மாறாகப் போட்டது. இப்போது இணையத்தில் தேடினால் அவள் இரண்டு ஆளாக இருக்கிறாள். உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போன இடத்தில், இரண்டு பேரும் நான்தான் என்று விளக்கவே அவளுக்குக் கொடுத்த நேரத்தில் பாதி போய்விட்டது. ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனி அடையாளமாகத் தரும் ஓர்சிட் எண் வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். 2012-இல் வந்த அந்தப் பதினாறு இலக்க எண்ணை என் மாணவர்கள் எல்லோரும் வாங்கியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரெஃபரன்ஸ் பட்டியலில் அந்த எண் வருவதில்லை, பெயர்தான் வருகிறது.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். "உங்கள் பெயர் மேற்கோளில் எப்படி வர வேண்டும்?" என்று கட்டுரை எழுதியவரிடமே ஒரு கேள்வி கேளுங்கள். படிவத்தில் ஒரே ஒரு கட்டம் போதும். அவர் சொன்னபடியே கட்டுரையின் முதல் பக்கத்தில், இதை இப்படி மேற்கோள் காட்டவும் என்று ஒரு வரி அச்சிடுங்கள். அடுத்தவர் அதைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்வார். ரெஃபரன்ஸ்களைச் சேர்த்து வைக்கும் ஸோட்டெரோ போன்ற மென்பொருளில் பெயரை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அங்கே வைத்தால் பெயர் புரளாது. அதாவது கருவி தயாராக இருக்கிறது, உங்கள் விதிமுறைப் பக்கம்தான் இன்னும் அதைச் சொல்லவில்லை.

அப்புறம் இன்னொன்று. போன வருடம் எங்கள் கட்டுரை ஒன்று ஓர் இதழிலிருந்து மதிப்பீட்டுக்கே போகாமல் திரும்பி வந்தது. காரணம் ஒரே வரி: ரெஃபரன்ஸ் எங்கள் ஸ்டைலில் இல்லை. மொத்தம் 62 ரெஃபரன்ஸ். அதை எழுதிய பையன் கணினி இல்லாதவன். திருத்துறைப்பூண்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து மாற்றினான். கடைசியில் இருந்த வருடத்தை எழுத்தாளர் பெயருக்குப் பின்னால் கொண்டுவந்து அடைப்புக்குறி போட வேண்டும். இதழின் பெயரைச் சுருக்கிச் சாய்வெழுத்தாக்க வேண்டும். தொகுதி எண்ணைத் தடித்த எழுத்தாக்க வேண்டும். இதைக் கையால் 62 தடவை செய்தான். முடித்த பிறகு நான் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓர் இடத்தில் பக்க எண் 318 என்பது 381 ஆகியிருந்தது. இரண்டு இடத்தில், கட்டுரையை இணையத்தில் திறக்க உதவும் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணே காணாமல் போயிருந்தது. உங்களிடம் முதலில் வந்த பட்டியல் சரியானது. நீங்கள் கேட்டபடி அழகாக வந்ததில்தான் தப்பு இருந்தது.

இந்த ஸ்டைல்கள் எல்லாம் ஆட்கள் உட்கார்ந்து பேசி வைத்தவைதான். மருத்துவ இதழ்களின் பதிப்பாசிரியர்கள் சிலர் 1978-இல் கனடாவின் வான்கூவரில் கூடியதிலிருந்து வந்தது வான்கூவர் ஸ்டைல். கட்டுரை எழுதுபவர்கள் இதழுக்கு இதழ் வடிவத்தை மாற்றி அலையக்கூடாது என்பதுதான் அவர்கள் கூடியதன் நோக்கம். இன்று பெரிய பதிப்பகங்கள் சிலவே முதல் சமர்ப்பிப்பில் எந்த ஸ்டைலும் சரி, ஒரே மாதிரி இருந்தால் போதும் என்கின்றன. கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகு மாற்றச் சொல்கின்றன. நீங்களும் அப்படிச் செய்யலாம். மாற்றச் சொல்லும்போது உங்கள் ஸ்டைலை மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிஎஸ்எல் கோப்பையும் இணையத்தில் போட்டுவிடுங்கள். அந்தப் பையன் இரண்டு நாள் செய்த வேலையை மென்பொருள் ஒரு நிமிடத்தில் செய்துவிடும்.

மிச்சமாகும் நேரத்தை உள்ளடக்கத்தில் செலவிடுங்கள். காட்டிய கட்டுரை உண்மையிலேயே இருக்கிறதா, டிஓஐ-யைத் தட்டினால் அதே கட்டுரை திறக்கிறதா, அதில் சொன்னதைத்தான் இவர் சொல்கிறாரா என்று பாருங்கள். யாரும் எழுதவே எழுதாத கட்டுரைகளுக்குக்கூடச் செயற்கை நுண்ணறிவு அச்சு அசலான ரெஃபரன்ஸ் எழுதித் தருகிற காலம் இது. அதில் கமாவும் சாய்வெழுத்தும் அப்பழுக்கில்லாமல் இருக்கும். வடிவத்தை மட்டும் பார்க்கிற இதழில் அது சுலபமாக நுழைந்துவிடும். எங்கள் பையனின் உண்மையான 62 வெளியே நிற்கும்.

மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நடவு முடிவதற்குள் அந்த மாணவியின் மூன்றாவது கட்டுரை உங்களில் ஒருவருக்கு வரும். தன் பெயர் எப்படி வர வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி எழுதியிருப்பாள். அந்த வரியை எடுத்துவிடாமல் அச்சுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
காவிரிக் கரையிலிருந்து ஒரு தாவரவியல் ஆசிரியர்