பொங்கல் லீவும் அம்மாவின் கோச்சியும்

ஆசிரியருக்கு,

தைப்பொங்கலுக்குக் கிடைப்பது ஒருநாள் லீவு. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அது யாழ்ப்பாணத்துக்கான ரயில் சீட்டோடுதான் ஆரம்பிக்கும். மார்கழி பிறந்ததுமே அம்மா "பதிஞ்சாச்சோ, பதிஞ்சாச்சோ" என்று தொடங்கிவிடுவார்.

அவருக்கு அது வெறும் கோச்சி (ரயில்) இல்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்துவிட்டு, 'லங்கா கல்யாணி' என்ற சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர். (கால் நீட்ட இடமிருக்கவில்லையாம். ஆனாலும் அதிகம் சொல்வது, யாரோ ஒருவர் பிய்த்துக் கொடுத்த பாணைப் பற்றித்தான்.) கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில், சண்டையால் 1990இல் நின்றது. வவுனியாவுக்கு அப்பால் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்ரோபரில்தான் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வந்தது. இதைச் சொன்னால் என் மகள், "அப்ப பஸ்ஸில போயிருக்கலாமே" என்கிறாள். யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதியும் பல வருடம் மூடிக் கிடந்த கதையை எங்கிருந்து தொடங்குவது?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது, மண் அரித்துத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும் படங்களைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். இது சண்டை இல்லை, மழைதான் என்று சொல்லிப் பார்த்தோம். "தெரியும்" என்றார், அவ்வளவுதான்.

சரி, கேட்க வந்தது இதுதான். உங்கள் ஞாயிறு இதழில் பெரியவர்களின் ரயில் நினைவுகளுக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் என்ன? அம்மாவிடம் மட்டும் நாலு வாரத்துக்குக் கதை இருக்கிறது.

ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06