குளுட்டமேட் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூளை நலக் கட்டுரைகளில் டோபமைனும் செரட்டோனினும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு நரம்பணு இன்னொன்றைத் தூண்டும் வேலையில் பெரும்பங்கு குளுட்டமேட் என்ற வேதிப்பொருளுடையது. அதை வாங்கிக்கொள்ளும், நரம்பணுவின் மேலுள்ள ஏற்பிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லையே என்பது என் ஆதங்கம்.

அவற்றில் என்எம்டிஏ ஏற்பி வியப்பானது. அதன் வாயிலை ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். குளுட்டமேட் வந்து ஒட்டினால் மட்டும் போதாது. அதே நேரத்தில் அந்த நரம்பணுவும் கிளர்ந்திருந்தால்தான் அடைப்பு விலகிக் கால்சியம் உள்ளே பாயும். நம் கற்றலும் நினைவாற்றலும் பெரிதும் இதை நம்பியே இருக்கின்றன. பக்கவாதத்தின்போது குளுட்டமேட் அளவுமீறிப் பெருகினால், அதே கால்சியம் நரம்பணுவைக் கொன்றுவிடும்.

இதை எழுதத் தூண்டியது ஒரு நோய். உடலின் எதிர்ப்பொருள்களே இந்த ஏற்பிகளைத் தாக்கும் மூளை அழற்சி அது. 2007-இல் நரம்பியல் மருத்துவர் ஜோசெப் டால்மாவ் குழுவினர் இதை அடையாளம் காட்டினார்கள். நன்றாக இருந்த இளம்பெண் சில நாட்களில் தூக்கமிழந்து, சம்பந்தமில்லாமல் பேசி, இல்லாத குரல்களைக் கேட்பார். பிறகு வலிப்பு வரும், வாயும் முகமும் தானாக அசையும், பேச்சே நின்றுபோகும். தொடக்கத்தில் மனநோய் என்றே தோன்றும். முதுகுத்தண்டு நீரைச் சோதித்தால் எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்துவிடலாம். சிலருக்குச் சினைப்பைக் கட்டி காரணமாக இருக்கும். அதை அகற்றி, நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள்.

நரம்பியல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதை விரிவாக எழுதச் செய்யுங்கள். திடீர் நடத்தை மாற்றத்தோடு வலிப்பும் சேர்ந்தால் நரம்பியல் பரிசோதனை அவசியம் என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

- ஒரு வாசகர்